பிரெஞ்சிந்திய விடுதலையும் வ. சுப்பையாவின் அரசியல் வாழ்வும்

முன்னுரை

இந்திய விடுதலை வரலாறு பெரும்பாலும் ஆங்கிலேயரை எதிர்த்த போராட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1947க்குப் பின்னரும் அயலாட்சியின்கீழ் இருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய பிரெஞ்சுப் பகுதிகளின் வரலாறு அதில் ஓர் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகிறது. அப்பகுதிகளின் விடுதலைக்கு உழைத்தோருள் முதன்மையானவர் 'மக்கள் தலைவர்' எனப் போற்றப்பெறும் வ. சுப்பையா (1911-1993). இருபது ஆண்டுகள் போராடிய அவர், விடுதலைக்குப் பின் அமைந்த அரசுக்கு ஒருமுறையும் தலைமை ஏற்கவில்லை. இறுதிக் கட்டத்தில் அணி மாறிய எதுவார் குபேரே முதல் முதலமைச்சரானார். இந்த முரணுக்கான காரணங்களையும், சிறியதொரு தன்னாட்சிப் பகுதியின் அரசியலில் சுப்பையா பெறும் இடத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதழும் இயக்கமும்

சுப்பையா 1911 பிப்ரவரி 7 அன்று புதுச்சேரியில் பிறந்தார். 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தார். அதே ஆண்டில் சுப்பையா 'சுதந்திரம்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். ஆட்சிமொழியாகப் பிரெஞ்சு விளங்கிய ஒரு நிலத்தில், சட்டமும் ஆணையும் பொதுமக்களுக்கு எட்டாத மொழியில் இருந்தன. அரசியல் உரிமை பற்றிய பேச்சைத் தமிழில் நிகழ்த்தியதே அவ்விதழின் முதற்பணி எனலாம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, அந்நகரம் ஆங்கிலேய அடக்குமுறையிலிருந்து தப்பி வந்தோருக்குப் புகலிடமாக இருந்தது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த சுப்பையாவோ அப்புகலிடத்திலேயே நிலவிய அடக்குமுறையை நோக்கித் தம் எழுதுகோலைத் திருப்பினார்.

1936: ஆலைத் தொழிலாளர் போராட்டம்

புதுச்சேரியின் பஞ்சாலைகளில் வேலைநேரத்திற்கு வரையறையோ சங்கம் அமைக்கும் உரிமையோ இல்லாதிருந்தது. அவ்வுரிமைகளைக் கோரி எழுந்த போராட்டத்தின்போது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவற்படை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பன்னிருவர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றளவும் தியாகிகள் நாளாகப் போற்றப்படுகிறது.

இங்குக் காலச்சூழல் கருதத்தக்கது. அதே ஆண்டின் கோடையில் பிரான்சில் லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு பொறுப்பேற்று, தன் நாட்டுத் தொழிலாளருக்கு வாரம் நாற்பது மணிநேர வேலையையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையையும் சட்டமாக்கியிருந்தது. தாய்நாட்டில் வழங்கிய உரிமையைக் குடியேற்ற நாட்டில் குண்டுகளால் மறுப்பது அவ்வரசுக்குப் பெரும் இழுக்காயிற்று. சுப்பையா இம்முரணைப் பற்றிக்கொண்டார்; பாரிசுக்கே சென்று முறையிட்டார். 1937இல் எட்டு மணிநேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. ஆள்வோரின் சட்டத்தைக் கொண்டே ஆள்வோரை மடக்கிய இவ்வணுகுமுறையே அவரது அரசியலின் தனித்தன்மையாகும்.

பாரிசு மேலவை முதல் கீழூர் வரை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சிந்தியாவில் தேசிய சனநாயக முன்னணி உருவாயிற்று. 1946 தேர்தலில் அது பெற்ற வெற்றியைத் தொடர்ந்து, 1947-48இல் சுப்பையா பிரெஞ்சு மேலவையின் உறுப்பினராக விளங்கினார். ஆயினும் அந்த முன்னணி நீடிக்கவில்லை. இந்தியாவுடன் உடனே இணைய வேண்டும் என்பது காங்கிரசாரின் நிலைப்பாடு. பொதுவுடைமையாளரோ 1948ஐ ஒட்டிய காலத்தில் அதில் தயக்கம் காட்டினர். பின்னரே இணைப்பை முழுமையாக முன்னெடுத்தனர். இத்தயக்கத்தைச் சுப்பையாவின் வரலாற்றை எழுதுவோர் மறைக்க வேண்டுவதில்லை. இந்தியாவிலேயே பொதுவுடைமைக் கட்சி கடும் அடக்குமுறைக்கு உள்ளாகியிருந்த காலம் அது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

1948 அக்டோபரில் நடைபெற்ற நகராட்சித் தேர்தலில், முறைகேடு பற்றிய புகார்களுக்கிடையே, குபேர் சார்ந்த பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சி வென்றது. மறு ஆண்டு சந்திரநாகூர் மக்கள் பொதுவாக்கெடுப்பின் வழி இந்தியாவைத் தேர்ந்தனர். புதுச்சேரியிலோ வன்முறை பெருகிற்று. 1950இல் சுப்பையாவின் இல்லம் தீக்கிரையாக்கப்பட்டது. 1951இல் குபேர் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1954 மார்ச்சில் நிலைமை தலைகீழாயிற்று. பிரெஞ்சு நிர்வாகத்துடன் முரண்பட்ட குபேர் இணைப்பின் பக்கம் சாய்ந்தார். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கம் விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டு, அங்கு ஒரு தற்காலிக அரசு அமைந்தது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகியும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து விலகின. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது.

கீழூரில் வாக்களித்தோர் பொதுமக்கள் அல்லர். பிரதிநிதி சபையினரும் நகராட்சி உறுப்பினரும் ஆவர். எத்தேர்தல்களின் நேர்மை ஐயத்திற்கு உள்ளானதோ, அத்தேர்தல்களின் வழி அமைந்த மன்றங்களே விடுதலையின் வாயிலாயின. தெருவில் போராடியவர் வெளியே நிற்க, மன்றத்தில் இருந்தவர் ஆட்சி மாற்றத்தின் கருவியாயினர். சுப்பையாவுக்கும் ஆட்சித் தலைமைக்கும் இடையே விழுந்த இடைவெளிக்கு இதுவே முதற்காரணம் எனத் துணியலாம்.

மொழியெல்லையும் உரிமையெல்லையும்

இதே காலகட்டத்தில் இந்திய எல்லைகள் மொழியை அடிப்படையாகக் கொண்டு திருத்தப்பட்டு வந்தன. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு மீண்டது. புத்தூர், வடமாலபேட்டை முதலிய, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஊர்கள் ஆந்திரத்திலேயே தங்கின. அங்கு மொழியே அளவுகோல். புதுச்சேரியிலோ தமிழ் பேசும் புதுச்சேரியும் காரைக்காலும், தெலுங்கு பேசும் ஏனாமும், மலையாளம் பேசும் மாகியும் ஒரே ஆட்சியின்கீழ் நின்றன. இவற்றை இணைத்தது மொழி அன்று. வேறுபட்டதொரு சட்ட, உரிமை வரலாறே.

1956 மே 28 அன்று கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கை, இப்பகுதியின் ஆட்சிநிலையில் மாற்றம் செய்வதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்றது. 1979இல் தமிழ்நாட்டுடன் இணைக்கும் பேச்சு எழுந்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்தமை அவ்விருப்பத்தின் ஆழத்தைக் காட்டிற்று.

சட்டமன்றத்தில் சுப்பையா

இணைப்பிற்குப் பின் சுப்பையா மன்றத்தின் எதிர்வரிசையில் அமர்ந்தார். 1962 ஆகஸ்ட் 16 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வர, 1963இன் ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டப்படி சட்டமன்றமும் அமைச்சரவையும் உருவாயின. 1963 ஜூலை 1 அன்று குபேர் முதலமைச்சரானார்; அடுத்த ஆண்டே வெங்கடசுப்பா ரெட்டியார் அப்பொறுப்பை ஏற்றார். 1969இல் ஃபரூக் தலைமையில் அமைந்த தி.மு.க. - இந்தியப் பொதுவுடைமைக் கட்சிக் கூட்டணி அரசில் சுப்பையா அமைச்சரானார். முப்பது தொகுதிகளே கொண்ட மன்றத்தில் ஓரிருவர் அணி மாறினாலும் அரசு கவிழும். இத்தகைய களத்தில் தனிமனிதச் செல்வாக்கும் அணி மாற்றமும் கொள்கைப் பிடிப்பை விஞ்சுதல் இயல்பு. கொள்கைக் கட்சி ஒன்றின் தலைவர் அங்குத் தலைமைப் பொறுப்பை எட்டாமைக்கு இது இரண்டாம் காரணமாகும்.

சுப்பையாவின் தன்வரலாறு 1990இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிரெஞ்சிந்திய விடுதலையை ஆராய்வோர்க்கு அது முதன்மைச் சான்று. எனினும் போராளி ஒருவர் தம் தரப்பில் நின்று எழுதியது ஆதலின், பிரெஞ்சு ஆவணங்களோடும் காங்கிரசாரின் பதிவுகளோடும் ஒப்பிட்டே அதனைப் பயன்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

குபேரின் அணி மாற்றம் இல்லையேல் 1954இன் இணைப்பு அத்துணை விரைவில் நிகழ்ந்திராது. சுப்பையாவின் இருபதாண்டு உழைப்பு இல்லையேல் அம்மாற்றத்திற்குத் தேவையே எழுந்திராது. ஒருவர் வாயிலைத் திறந்தார்; மற்றவர் அவ்வாயில்வரை மக்களை அழைத்து வந்தார். ஆட்சிப் பட்டியலை மட்டும் நோக்கும் வரலாறு முன்னவரைக் காணும், பின்னவரைக் காணாது.

புதுச்சேரிச் சட்டமன்றம் மாநிலத் தகுதி கோரிப் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. மக்கள் தேர்ந்த முப்பதின்மரோடு ஒன்றிய அரசு நியமிக்கும் மூவரும் வாக்களிக்கும் மன்றம் அது. 2021 பிப்ரவரியில் ஓர் அரசு பெரும்பான்மை இழந்தபோது அந்நியமன வாக்குகளே பெரும் விவாதத்திற்கு உள்ளாயின. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எந்த அளவிற்கு மக்களின் குரலாகும் என்னும் வினா கீழூரில் எழுந்தது. இன்னும் விடை பெறவில்லை. 1937இல் எழுத்தில் இருந்த உரிமையை நடைமுறைக்குக் கொணர்ந்த சுப்பையாவின் வழி, இவ்வினாவை எதிர்கொள்வோர்க்கு இன்றும் பயன்படுவதாகும்.