ஓட்டு கிடைச்சாச்சு, நாற்காலி?

ஓட்டுரிமை கிடைச்சதோட பாடப்புத்தகத்துல கதை முடிஞ்சிடும். நிஜத்துல சண்டையே அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865ல். 1870ல் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை. வட கரோலினாவின் வில்மிங்டன் நகரத்துல கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்தே நகராட்சியை நடத்தினாங்க. 1898 நவம்பர் 10 அன்று ஆயுதத்தோட கிளம்பிய வெள்ளையர் கும்பல், கறுப்பர் ஒருவர் நடத்திய பத்திரிகை ஆபீஸைக் கொளுத்தியது. பலரைக் கொன்றது. மேயரையும் கவுன்சிலர்களையும் மிரட்டி ராஜினாமா வாங்கியது. 1900ல் எழுதப்படிக்கத் தெரியணும், வரி கட்டியிருக்கணும்னு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, ஓட்டையும் பிடுங்கிட்டாங்க.

ஏதோ தூரதேசத்து சமாச்சாரம்னு தள்ளிட முடியல. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் மேலவளவு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவங்களுக்கு மிரட்டல், வீடுகளுக்குத் தீ, வாக்குச்சாவடியில் ரகளை. தேர்தல் தள்ளித்தள்ளிப் போய் ஒருவழியா முருகேசன் ஜெயிச்சார். ஆனா பஞ்சாயத்து ஆபீஸுக்குள்ள நுழைய விடல. 1997 ஜூன் 30, மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்ட்டு பஸ்ல திரும்பி வந்தவரை, கூட இருந்த ஐந்து பேரோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதில் 13 பேர் 2019ல் முன்கூட்டியே விடுதலை.

அதே மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி. அங்க வேற டெக்னிக். தேர்தலே நடக்காது, நடந்தா ஆதிக்க சாதியினர் சொல்ற ஆள் ஜெயிச்சு, கையோட ராஜினாமா பண்ணிடுவார். இப்படியே பத்து வருஷம். 2006ல்தான் ஒழுங்கா தேர்தல் நடந்தது.

வில்மிங்டன்லயும் ராஜினாமா, பாப்பாபட்டியிலயும் ராஜினாமா. கவனிச்சீங்களா? நீ ஓட்டு போடறதை விட, நீ நாற்காலில உக்கார்றதுதான் அவங்களுக்குப் பொறுக்கல.

மதுரைக்காரங்க கதைதானேன்னு எங்க மாயவரத்துக்காரங்களும் சொல்லிட முடியாது. கொள்ளிடம் தாண்டினா சிதம்பரம். அந்தப் பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சியில், மத்தவங்க நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில உக்கார்ந்திருந்த போட்டோ 2020 அக்டோபரில் வெளியே வந்தது. தேர்தலில் ஜெயிச்ச தலைவர்ங்க அவங்க!

2022 சுதந்திர தினத்துக்கு முன்னாடி, தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யணும்னு தலைமைச் செயலாளர் எல்லா கலெக்டர்களுக்கும் கடிதம் எழுதினார். ஊர்க் கொடிக்கம்பத்துல கயிறு இழுக்கறதுக்கு, கோட்டையிலேர்ந்து கடிதம் வர வேண்டியிருக்கு.