மூவாயிரம் வருசத்து மலர் வளையம்

துட்டன்காமுன்னு சொன்னாலே எல்லாருக்கும் அந்தத் தங்க முகமூடிதான் ஞாபகம் வரும். அதைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்குப் பிடிச்சது அதே கல்லறையில கிடைச்ச காய்ஞ்ச பூக்கள். பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, ராஜாவைப் புதைச்சதுக்கு டைம்ஸ்டாம்ப் வச்சிருந்தது அதுங்கதான்.

ஹோவர்டு கார்ட்டர் கல்லறையைக் கண்டுபிடிச்சது 1922 நவம்பர்ல. கல்பேழையோட மூடியைத் தூக்கினது 1924 பிப்ரவரியில. உள்ளே ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு சவப்பெட்டி. வெளிப்பெட்டியில ராஜா நெத்தியில கழுகும் நாகமும் இருக்கு. அதைச் சுத்தி ஒரு குட்டி மலர் வளையம்! இளம் விதவை ராணி கடைசியா வச்சதா இருக்கும்னு கார்ட்டருக்குத் தோணியிருக்கு. ஆதாரம் ஒண்ணும் கிடையாது. ஆனா அத்தனை தங்கத்துக்கு நடுவுலயும் வாடின அந்தப் பூதான் அழகுங்கற மாதிரி மனுசன் எழுதி வச்சிருக்கார். அதை நான் ஒத்துக்கறேன்.

1925-ல பெட்டிகளைத் திறந்தப்போ இன்னும் மாலைகள் வந்துச்சு. கட்டின விதத்தைக் கேளுங்க. பாப்பிரஸ் தண்டுல இருந்து உரிச்ச பட்டை, அது மேல ஆலிவ் இலைகள். ஒரு இலை பச்சைப் பக்கம் தெரியற மாதிரி, அடுத்தது அடிப்பக்கத்து வெள்ளி நிறம் தெரியற மாதிரி, மாத்தி மாத்தி. நடுவுல நீல அல்லி இதழ், கார்ன்ஃப்ளவர் பூ (சூப்புல கரைச்சு ஊத்தற மாவு இல்லீங்க, இது நீலமா பூக்கற ஒரு செடி). உள்பெட்டி மேல இருந்தது பெரிய கழுத்தணி: பாப்பிரஸ் தாள்ல வரிசை வரிசையா மாதுளை இலை, வில்லோ இலை, நீலக் கண்ணாடி மணி, பாதியா வெட்டின மாண்ட்ரேக் பழம். காமிக்ஸ் மந்திரவாதி பேரேதான் :-)

இதையெல்லாம் அடையாளம் கண்டவர் பெர்சி நியூபெரி. தொட்டாலே பொடியாகற நிலையில இருந்ததைச் சில மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சுத்தான் பாத்திருக்கார். கார்ன்ஃப்ளவர் பூக்கறதும் மாண்ட்ரேக் பழுக்கறதும் அங்கே எந்த மாசம்னு கணக்குப் போட்டு, அடக்கம் நடந்தது மார்ச் நடுவுல இருந்து ஏப்ரல் கடைசிக்குள்ளன்னு சொன்னார். 1927-ல வந்த கார்ட்டரோட ரெண்டாவது தொகுதியில இது இருக்கு. உடலைப் பதப்படுத்த வழக்கமா எடுத்துக்கிட்டது 70 நாள். அதைப் பின்னாடி கழிச்சா ராஜா செத்தது சுமாரா ஜனவரி, பிப்ரவரி. ஒயின் ஜாடிகள்ல ஆட்சி வருசம் எழுதியிருக்கு, சரி. மாசத்துக்குப் பூவைத்தான் கேக்கணும்.

இந்த வேலைக்கு முன்னோடி ஜார்ஜ் ஷ்வைன்ஃபர்த். தெய்ர் எல்-பஹ்ரியில 1881-ல ராஜாக்களோட மம்மிகள் மொத்தமா கிடைச்சப்போ, ரெண்டாம் ராம்சேஸ் உள்ளிட்டவங்க மேல இருந்த மாலைகளை ஆராய்ஞ்சவர். அதுல மடிச்சுத் தைச்ச இலை நம்ம மகிழமரத்தோட ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரத்தோடது. காய்ஞ்சும் மணக்கற மகிழம்பூவை நினைச்சுக்கிட்டேன்.

இப்ப வயித்தெரிச்சல் பகுதி. கார்ட்டருக்குப் பதினஞ்சு வருசம் முன்னாடியே, 1907 டிசம்பர்ல, தியோடர் டேவிஸ்ங்கற அமெரிக்கப் பணக்காரர் அதே பள்ளத்தாக்குல ஒரு குழியில சில ஜாடிகளைக் கண்டுபிடிச்சார். துட்டன்காமுனோட உடலைப் பதப்படுத்தின மிச்சமும், ஈமச் சடங்கு விருந்தோட மிச்சமும்னு பின்னாடி ஹெர்பர்ட் வின்லாக் விளக்கினார். உள்ளே விருந்தாளிங்க போட்டிருந்த மலர்க் கழுத்தணிகள். டேவிஸ் என்ன பண்ணார் தெரியுமா? இத்தனை வருசம் ஆகியும் எவ்வளவு உறுதியா இருக்குன்னு காட்ட, சிலதைக் கையாலயே கிழிச்சிருக்கார். பேக்கப் இல்லாத சர்வர்ல டெலீட் அடிக்கறதுக்கு இது தேவலையா?

மிஞ்சினது மூணு. 1909-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் போயிடுச்சு. ஆலிவ் இலையும் கார்ன்ஃப்ளவரும் சிவப்புத் துணி ஓரமுமா படத்துல பாக்கவே அவ்வளவு அழகு. அந்த ஊர்ப்பக்கம் இருக்கற பதிவர்கள் யாராச்சும் நேர்ல பாத்திருந்தா ஒரு பதிவு போடுங்க.