கல்லோடு நின்ற பேச்சும் கல்லை விட்ட பேச்சும்

பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த குரும்பலூர், பச்சைமலையைச் சார்ந்த மிகத் தொன்மையான பாறை நிலத்தில் நிற்கிறது. அப்பாறைகளில் சங்கோ சிப்பியோ கிடைப்பதில்லை. ஆனால் அவ்வூருக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் காரை, குன்னம், சாத்தனூர், கல்லமேடு, அரியலூர் எனப் பரந்து கிடக்கும் நிலம், கிரெட்டேசியம் எனப்படும் காலத்தில், அதாவது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற நெடுங்காலத்தில், கடல் பலமுறை ஏறியும் வடிந்தும் விட்டுச்சென்ற படிவுகளால் பெரும்பாலும் ஆனது. இந்நிலத்தின் கல்லான உயிர்கள் ஏறத்தாழ 180 ஆண்டுகளாக ஆர்வலர்களை ஈர்த்து வந்துள்ளன. அவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதைவிட, எடுத்த பொருளை விட்டு விலகாமல் பேச எவ்வாறு பழகினார்கள், எங்கே வழுவினார்கள் என்பதே இங்குக் கருதத்தக்கது.

பொருள் மாறிப் பேசுவதைத் தமிழ் இலக்கண மரபு முன்பே குற்றமாக வகுத்துள்ளது. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக ‘மற்றொன்று விரித்தல்’ என்பதை, அதாவது தொடங்கிய பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கி உரைப்பதை, எண்ணுகிறது. அவ்விதி தனியொருவர் எழுதும் நூலுக்கு உரியது; பலர் கூடி ஒரு பொருளை ஆராயும்போது அது எவ்வாறு காக்கப்படும் என்பது வேறொரு கேள்வி.

1812இல் தோன்றிய சென்னை இலக்கியச் சங்கம், பணி நேரம் போக எஞ்சிய நேரத்தில் அறிவுத் தேட்டத்தில் ஈடுபட்ட அதிகாரிகளின் கூட்டம். 1833 முதல் அதன் ஆதரவில் வெளிவந்த இதழில் கல்வெட்டும் மொழியாராய்ச்சியும் வானிலைக் குறிப்பும் கனிமங்களும் அடுத்தடுத்து இடம்பெற்றன. இக்கலப்பை வெறும் ஒழுங்கின்மை என்று தள்ளுவது பொருந்தாது, ஏனெனில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த இத்தகைய சூழலில்தான் மாவட்டங்களில் பணியாற்றிய ஒருவர் வழியில் கண்ட கல்லையும் பேசத்தக்க பொருளாகக் கருத முடிந்தது. சங்கம் திரட்டியிருந்த 1,100 நிலவியல் மாதிரிகளே பின்னர் 1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு அடிப்படையாயின.

இத்தகைய ஆர்வலர்களுள் கே, கன்லிஃப் என்னும் இருவர் 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சேகரித்த தொல்லுயிர் எச்சங்களை லண்டனுக்கு அனுப்பினர். அவற்றை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டார். கல் லண்டனில், அது கிடைத்த இடமோ தென்னிந்தியாவில். இத்தகைய உரையாடல் தடம் மாறாமல் இருக்க, ஒவ்வொரு மாதிரியோடும் அது கிடைத்த இடத்தின் குறிப்பு கூடவே செல்ல வேண்டியிருந்தது.

அக்குறிப்பை முழுமையாக்கியவர் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹென்றி பிளான்ஃபோர்ட். 1862இல் வெளிவந்த தம் ஆய்வுரையில் அவர் இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக, கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தினார். இதன் பின் ஒரு சிப்பியைப் பற்றிப் பேசுபவர் அது எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. பேச்சை எல்லைக்குள் நிறுத்தும் வேலையைத் தலைவரோ விதியோ செய்வதைவிட இந்த அடுக்கு வரிசை திறம்படச் செய்தது எனலாம். மொராவியாவிலிருந்து வந்த ஸ்டோலிச்கா இப்படிவுகளின் உயிரினங்களைப் பற்றிய நான்கு பெருந்தொகுதிகளை 1873இல் முடிக்கவும், வியன்னாவின் கோஸ்மாட் 1895 முதல் 1898 வரை மறுஆய்வு செய்யவும் அதுவே களம் அமைத்தது. பிளான்ஃபோர்டோ பின்னாளில் பாறையை விட்டு வானிலையியலுக்குப் போய், அத்துறையின் முதல் அனைத்திந்திய அலுவலரானார் என்பது இடையே குறிக்கத்தக்க ஒரு முரண்.

அடுக்கின் குறிப்பு இருந்தும் பொருளே கைவிட்டுப் போனால் என்னாகும் என்பதற்குக் கல்லமேடு சான்று. அங்கு கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1980களின் இறுதியில் நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்னும் டைனோசரை அறிவித்தனர். முதலில் ஊனுண்ணியாக எண்ணப்பட்ட அது, பின்னர் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி வகையில் சேர்க்கப்பட்டது. அதன் காலெலும்பு ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் எனப்பட்டதால், உலகின் மிகப்பெரிய நிலவிலங்கு இதுதானா என்று டைனோசர் ஆர்வலர்கள் இணையத்தில் முடிவின்றி வாதிட்டனர். வெளியான படங்கள் தெளிவற்றவை. எலும்புகளோ சிதைந்து அழிந்துவிட்டன என்று 2017இல் தெரியவந்தது. இதனால் எடையும் நீளமும் பற்றிய பேச்சு ஊகமாகப் பெருகியது; அது எலும்பே அன்று, கல்லாகிய மரத்துண்டு என்று கருதியவர்களும் உண்டு. அருகிலேயே சாத்தனூரில் 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட 18 மீட்டர் நீளக் கல்மரம் இருப்பதால் அந்த ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. 2022இல் பழைய நிழற்படங்கள் வெளியிடப்பட்ட பிறகே உரையாடல் அளவைப் பற்றிய கற்பனையிலிருந்து எலும்பின் வடிவத்துக்குத் திரும்பியது.

2020 அக்டோபரில் குன்னத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்குக் கண்டெடுக்கப்பட்ட உருண்டைக் கற்களின் படங்கள் ‘டைனோசர் முட்டைகள்’ என்ற பெயரோடு சமூக ஊடகங்களில் பரவின. 2009இல் செந்துறைப் பகுதியில் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் முட்டைகள் கிடைத்ததாக அறிவித்திருந்ததால் அப்பெயர் எளிதில் ஏற்கப்பட்டது. இங்கே பொருள் கண்முன் இருந்தது. அதன் அடுக்கைக் கேட்பாரில்லை. வல்லுநர்கள் நேரில் பார்த்து, அவை அம்மோனைட்டு எனப்படும் சுருள் ஓட்டுக் கடலுயிரிகளின் எச்சங்களைச் சுற்றிப் படிவு திரண்டு உருவான உருண்டைகள் என்று விளக்கினர். குன்னத்தின் படிவுகள் கடலடியில் உருவானவை என்பது பிளான்ஃபோர்டின் காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. நிலவிலங்கின் முட்டைக்கூட்டம் அங்கே இருக்கக்கூடுமா என்ற ஒரே கேள்வியை முதலில் எழுப்பியிருந்தால் விவாதம் அன்றே அம்மோனைட்டை நோக்கித் திரும்பியிருக்கும்.

அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் சுரங்கங்களில், புதைபடிவங்கள் இன்றும் வெளிப்படுகின்றன. லாரியில் ஏறிய பின் அவற்றின் அடுக்கைச் சொல்ல எவராலும் இயலாது.