சிறைக்கூடமும் கல்விக்கூடமும்

புதுச்சேரி நகருக்கு வடக்கே, காலாப்பட்டில் மத்திய சிறை அமைந்துள்ளது. அண்மை ஆண்டுகளில் அதன் வளாகத்தில், ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் துணையோடு சிறைவாசிகள் இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டுக் காய்கனிகள் விளைவித்தனர். இம்முயற்சிக்கு இவ்வூரோடு வரலாற்றுப் பொருத்தம் ஒன்றுண்டு. அலிப்பூர் வழக்கில் 1908 மே முதல் 1909 மே வரை ஓராண்டு சிறையிலிருந்த அரவிந்தர், 1910 ஏப்ரல் 4 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை வந்தடைந்தார். அச்சிறைவாசமே தம் அகவாழ்வின் திருப்பம் என்பதை அவரே எழுதியுள்ளார்.

சிறை ஒருவனை அழிக்கவும் கூடும்; ஆக்கவும் கூடும். உள்ளே அவனுக்குக் கல்வி கிட்டுகிறதா, வெளியே அவனை ஏற்போர் இருக்கின்றனரா என்ற இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன.

இவ்வுண்மையை இஸ்லாமிய வரலாறு தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷியருக்கு அவரவர் வசதிக்கேற்ப நாலாயிரம் திர்ஹம் வரை மீட்புத்தொகை குறிக்கப்பட்டது. பொருளற்றவராயினும் எழுத்தறிந்தவர்கள், மதீனாச் சிறார் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெறலாம் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிசெய்தார்கள். பின்னாளில் திருமறையைத் தொகுத்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் அவ்வாறு கற்றவரே என இப்னு ஸஅத் குறிக்கிறார். இங்கே கைதி கல்வியை இரந்து பெறுபவனல்லன், சமூகத்திற்கு வழங்குபவன். நேற்றைய பகைவனிடம் தம் பிள்ளைகளை ஒப்படைத்த அந்நம்பிக்கை எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் ஹனஃபீ மேதை இமாம் ஸரக்ஸீ, ஆட்சியாளரின் சினத்திற்கு ஆளாகி உஸ்கந்தில் சிறைவைக்கப்பட்டார். அங்கிருந்தபடியே, வெளியே கூடிய மாணவர்களுக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதே ‘அல்மப்ஸூத்’ எனும் பெருநூல். ஆசிரியரைச் சிறை பிரித்தபோதும் மாணவர்கள் அவரைக் கைவிடவில்லை.

இந்தியாவில் 1919-20ஆம் ஆண்டுகளின் சிறைக் குழு, திருத்தமும் மறுவாழ்வுமே சிறையின் நோக்கம் என வலியுறுத்தியது. ஆயினும் நடைமுறை பின்தங்கியது. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பிணைப்பணம் கட்ட இயலாமையால் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் வாடிய பீகார் ஏழைகளின் நிலை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமையென நீதிமன்றம் அறிவித்தது. எனினும் 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகளே. 2023இல் ஏழைக் கைதிகளுக்கான நடுவணரசுத் திட்டம் பிணைக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதத்திற்கு 25,000 ரூபாய் வரையும் உதவ வகைசெய்தது.

இத்தகைய உதவி நம் சமூகத்திற்குப் புதிதன்று. ஸக்காத் பெறத்தக்க எண்வகையினருள் தளைப்பட்டோரையும் கடன்பட்டோரையும் திருமறை சேர்த்திருக்கிறது. அவற்றை இன்றைய சிறைவாசிக்கு எவ்வளவு விரிக்கலாம் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் ஆய்வுக்குரியது. ஸதக்காவுக்கோ அந்த வரையறையும் இல்லை.

பொருளுதவியினும் கடினமானது ஒன்றுண்டு. சிறைமீண்டவன் ஜும்ஆத் தொழுகைக்கு வந்தால் அணியில் இடம் கிடைத்துவிடும். தொழுகை முடிந்தபின் கடையில் வேலையும், குடியிருக்க வீடும், தங்கைக்கு மணமும் கேட்கும்போதுதான் கதவுகள் அடைபடுகின்றன. பழி சுமத்தப்பட்டுச் சிறைபுகுந்த யூஸுஃப் (அலை) அவர்களுக்கு எகிப்தின் களஞ்சியங்களே ஒப்படைக்கப்பட்டன என்று நாம் ஓதுகிறோம். புதுச்சேரியின் முல்லா வீதியாயினும் காஜி வீதியாயினும், தண்டனை முடித்து வரும் ஒருவனுக்கு ஒரு கடையின் கல்லாப்பெட்டியையேனும் நம்பி ஒப்படைக்க முன்வருவோமானால், ஓதியதன் பொருளை உணர்ந்தோராவோம்.