முதல் டிஜிட்டல் படமும் சதுரப் புள்ளியும்

நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கு ஒரு சுலபமான பயிற்சி உண்டு. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வெள்ளை, தாண்டாவிட்டால் கறுப்பு என்று மாற்ற வேண்டும். கணினிக்குள் ஏறிய முதல் புகைப்படமே இப்படித்தான் பிறந்தது!

1957-ல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ், தன் மூன்று மாதக் குழந்தை வால்டனின் படத்தை ஸ்கேன் செய்தார். 176-க்கு 176, ஆக மொத்தம் 30,976 புள்ளிகள். புள்ளிக்கு ஒரே ஒரு பிட் என்பதால் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. அதனால் வெளிச்ச அளவை மாற்றி மாற்றி ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் சேர்த்துக் குழந்தை முகத்தில் நிழலை வரவழைத்தார்கள். (என்ன ஒரு பொறுமை!)

ஆனால் புள்ளியைச் சதுரமாக வைத்தது கிர்ஷை உறுத்திக்கொண்டே இருந்தது. 2010-ல், அந்த முதிய வயதிலும், வெவ்வேறு வடிவப் புள்ளிகளால் படம் அமைக்கும் முறையை வெளியிட்டார். 2020-ல் அவர் மறைந்தபோதும் கணினித் திரைகளில் சதுரம்தான்.