அடிப்படை ஆங்கில இலக்கணப் பயிற்சியும் சிற்றூர்ப் பள்ளியும்: சென்னை மாநிலத்தின் 1959 ஆசிரியர் பயிற்சி இயக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பல ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றும் ஒரு தொடரைப் பிழையின்றி அமைக்க இயலாத நிலை தமிழ்நாட்டுச் சிற்றூர் மாணவரிடையே காணப்படுகிறது. இதற்கு மாணவரின் ஊக்கமின்மையும் ஆசிரியரின் அக்கறையின்மையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆங்கில இலக்கணம் இங்குக் கற்பிக்கப்பட்ட வரலாற்றை நோக்கின் இக்கூற்று முழுமையாகப் பொருந்தவில்லை. கற்பிக்கும் முறைகள் மாறியபோதும் ஆசிரியரின் ஆங்கிலப் புழக்கத்தை வளர்ப்பதும், மாணவர் முன்பே அறிந்த தமிழைக் கருவியாகக் கொள்வதும் பின்தள்ளப்பட்டன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆங்கில இலக்கணம், தொடரமைப்பு முறை, பனிப்பந்துத் திட்டம், தென்னார்க்காடு, ஒப்பீட்டு இலக்கணம்.

முன்னுரை

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னர் விழுப்புரம் மாவட்டத்திலும், 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும் இப்பகுதி அடங்கியிருந்தது. களமருதூர் முதலான இதன் சமவெளிச் சிற்றூர்களில் ஆங்கிலம் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் வழங்கும் மொழியன்று. நெடுங்காலம் ஜாகீர்தாரர்களின் ஆட்சியில் இருந்து 1976-இல் அரசு நிருவாகத்தின்கீழ் வந்த கல்வராயன் மலை ஊர்களுக்கு இது மேலும் பொருந்தும். இத்தகைய ஊர்களில் ஆங்கிலம் ஒலிக்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறை ஒன்றே. ஆகவே ஆசிரியர் பேசும் ஆங்கிலமே மாணவர் கேட்கும் ஆங்கிலமாக அமைகிறது. இவ்வடிப்படை உண்மையைக் கல்வித் திட்டங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

விதிகளை மனனம் செய்த காலம்

தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய அறிக்கைக் குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவற்றுள் பெரும்பாலானவை நாட்டுமொழிப் பள்ளிகளே. ஆங்கிலக் கல்வியின் தேவை இதற்குப் பின்னரே பெருகியது. 1841-இல் சென்னையில் உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்று, பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. அரசுப் பணிகளில் ஆங்கிலம் கற்றோருக்கு முன்னுரிமை என்னும் ஹார்டிஞ்சின் தீர்மானம் 1844-இல் வெளிவந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற பின் மெட்ரிகுலேஷன் தேர்வு ஆங்கில அறிவின் அளவுகோலாயிற்று.

தேர்வை நோக்கிய இக்கல்வியில் இலக்கணம் என்பது விதிகளின் தொகுப்பாகவே விளங்கியது. லிண்ட்லி மரேயின் இலக்கணநூல் 1795-இல் இங்கிலாந்தில் வெளியாகி, பேரரசின் பள்ளிகளிலும் செல்வாக்குப் பெற்றது. 1890-களில் இந்திய மாணவர்க்கென நெஸ்ஃபீல்டு எழுதிய இலக்கண நூல்களும், 1930-களில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகியோரின் நூலும் இவ்வரிசையில் அமைந்தவை. சொல்வகை கூறல், தொடரைப் பகுத்தல், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுதல் ஆகியன இவற்றின் முதன்மைப் பயிற்சிகள்.

இம்மனன முறையைத் திண்ணைப் பள்ளி மரபின் தொடர்ச்சியாகக் கருதுவாரும் உளர். ஆயின் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. நன்னூலை மனனம் செய்த மாணவர் அதற்கு முன்பே தமிழ் பேசியவர். தாம் அறிந்த மொழியின் ஒழுங்கையே நூற்பாவில் கண்டார். ஆங்கில விதியை மனனம் செய்தவரோ தாம் கேட்டறியாத மொழியின் ஒழுங்கை நெட்டுருச் செய்தார். இலக்கியத்திற்குப் பின்னரே இலக்கணம் என்பது தமிழ் மரபின் கொள்கை. ஆங்கிலக் கல்வியில் அவ்வரிசை தலைகீழாயிற்று.

தொடரமைப்பு முறையும் பனிப்பந்துத் திட்டமும்

ஹெரால்டு பால்மர், மைக்கேல் வெஸ்ட், ஏ. எஸ். ஹார்ன்பி முதலியோரின் ஆய்வுகளால் விதிவழிக் கற்பித்தலுக்கு மாற்று உருவாயிற்று. இவருள் வெஸ்ட் வங்காளத்தில் பணியாற்றி, அங்குள்ள மாணவரின் தேவையை ஆராய்ந்தவர். விதிக்கு மாறாகத் தொடரமைப்பைக் கற்பித்தல், எளிமையிலிருந்து அருமைக்கு வரிசைப்படுத்துதல், சொற்களை வரையறுத்தல், எழுத்துக்கு முன் வாய்மொழிப் பயிற்சி அளித்தல், தாய்மொழியைக் குறைவாகவே பயன்படுத்துதல் ஆகியவை இந்தியாவில் இம்முறையின் கூறுகளாயின. 1957-இல் நாகபுரியில் நடந்த கருத்தரங்கு இதற்கு அனைத்திந்திய ஏற்பைத் தந்தது. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பெற்றது.

சென்னை மாநிலத்தில் 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் ஆங்கில ஆசிரியர் பயிற்சி இயக்கம் தொடங்கிற்று. ஆங்கிலத்தைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது இதன் இலக்கு. காமராசர் ஆட்சியில் பள்ளிகள் சிற்றூர்தோறும் பரவிய காலம் அது. வல்லுநர் சிலர் முதல் நிலைப் பயிற்றுநரை உருவாக்க, அவர்கள் அடுத்த நிலையினரைப் பயிற்ற, இறுதியில் சிற்றூர் ஆசிரியரை அது எட்ட வேண்டும். உருளுந்தோறும் பெருகுவது என்னும் பொருளில் இதனைப் பனிப்பந்துத் திட்டம் என அழைத்தனர். வகுப்புக்கு 30 ஆசிரியர் எனக் கொண்டாலும் 900 பயிற்சி வகுப்புகள் தேவைப்படும். அவ்வளவு வகுப்புகளை வெளிநாட்டு வல்லுநர் நேரில் நடத்தல் இயலாது. எனவே படிநிலைப் பயிற்சியைத் தவிர வேறு வழி அன்று இருந்ததாகத் தெரியவில்லை.

படிதோறும் குறைந்தது

அக்காலத் தொடக்கப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடித்துப் பயிற்சி பெற்ற ஹையர் கிரேடு ஆசிரியரும், பள்ளியிறுதி முடித்துப் பயிற்சி பெற்ற செகண்டரி கிரேடு ஆசிரியரும் பணியாற்றினர். முன்னவருக்குத் தம் பள்ளி நாளில் கிட்டிய ஆங்கிலம் மிகச் சிறிது. குறுகிய காலப் பயிற்சி இவர்களுக்குக் கற்பிக்கும் உத்தியைத் தரக்கூடும். மொழிப் புழக்கத்தைத் தருதல் அரிது.

தொடரமைப்பு முறையோ ஆசிரியரின் நாவையே நம்பியிருந்தது. 'திஸ் இஸ் அ புக்' என்று தொடங்கி, பொருளைக் காட்டி, வினவி, விடை பெற்று, மாணவர் தவறினால் உடனே திருத்தி நடத்தும் பயிற்சி அது. பாடநூலில் இல்லாத தொடரை மாணவர் கூறும்போது அது சரியா தவறா என உறுதியாகச் சொல்லும் ஆற்றல் ஆசிரியருக்கு வேண்டும். அவ்வாற்றல் இல்லாதபோது கரும்பலகையில் எழுதக்கூடியது மட்டுமே எஞ்சும். பதிலீட்டு அட்டவணை பார்த்தெழுதும் பாடமாகிறது. வாய்மொழிப் பயிற்சி கூட்டாக ஒப்பிக்கும் ஓசையாகிறது. பழைய மனனம் புதிய பெயரில் திரும்புவதற்கு இதுவே வாயில். படிநிலைப் பயிற்சித் திட்டங்களில் நிகழும் இக்குறைவைக் கல்வியாளர் 'நீர்த்துப்போதல்' எனக் குறிப்பர். பயிற்சி பெற்றோர் தொகை படிதோறும் பெருகியது. கைமாறிய மொழியின் அளவு படிதோறும் சுருங்கியது.

ஒதுக்கப்பட்ட தமிழ்

சிற்றூர் ஆசிரியரிடம் ஐயமின்றி இருந்த மொழியாற்றல் தமிழே. அதனைப் பயன்படுத்துவதும் குறையாகக் கருதப்பட்டது. ஆயின் மாணவரின் ஆங்கிலப் பிழைகள் பல தமிழின் ஒழுங்கைக் கொண்டே விளக்கத்தக்கவை.

'அவன் மாணவன்' என்பது தமிழில் வினைச்சொல் இன்றியே முற்றுத் தொடர். ஆகவே மாணவர் ஆங்கிலத்தில் 'இஸ்' என்பதை விடுகிறார். 'எனக்கு இரண்டு தம்பிகள் உண்டு' என நான்காம் வேற்றுமையால் தமிழ் உணர்த்துவதை ஆங்கிலம் 'ஹேவ்' என்னும் வினையால் உணர்த்துகிறது. 'கீரி பாம்பைக் கொன்றது', 'பாம்பைக் கீரி கொன்றது' என்னும் இரண்டும் தமிழில் ஒருபொருளன. வேற்றுமை உருபு பொருளைக் காப்பதால் சொற்கள் இடம்மாறலாம். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அவ்வுருபு இல்லாமையால் இடமாற்றம் கொன்றதையும் கொல்லப்பட்டதையும் மாற்றிவிடும். 'வந்தான்' என்பது 'வந்தானா' என வினாவாகும்போது காலம் வினையிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் இறந்தகாலம் 'டிட்' என்னும் துணைவினைக்குச் சென்றுவிடுகிறது. 'டிட் ஹி கேம்' என்னும் பிழை தோன்றுவது இதனால்தான். பெயரில் பன்மை காட்டும் 'ஸ்' ஒலி, நிகழ்கால வினையில் ஒருமை காட்டுவதும் மாணவரை மயக்குகிறது.

தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் இத்தகைய ஒப்பீட்டைத் தவிர்க்கவில்லை. சீகன்பால்கு 1716-இல் ஹாலேயில் அச்சிட்ட தமிழ் இலக்கணமும், வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் எழுதப்பட்டவை. அவர்கள் அறிந்த மொழியின் வழியே அறியாத மொழிக்குச் சென்றனர். அவர்களுக்கு இயல்பாகக் கிடைத்த அவ்வழி தமிழ்ச் சிறுவருக்குக் குறுக்கப்பட்டது.

பெங்களூர்த் திட்டத்தின் மறுப்பு

தொடரமைப்பு முறையின் மீதான வலுவான விமரிசனம் தென்னிந்தியாவிலேயே எழுந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் இலக்கணம் பாடமாக வரிசைப்படுத்தப்படவில்லை. நிலப்படம், கால அட்டவணை போன்றவற்றைக் கொண்டு சிந்தித்து விடை காணும் செயல்கள் தரப்பட்டன. பொருளில் கவனம் செலுத்தும்போதே இலக்கணம் உள்ளத்தில் படியும் என்பது அவர் கருத்து. 1987-இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வு உலக அளவில் செயல்வழி மொழிக்கற்றலுக்கு முன்னோடியாக மதிக்கப்படுகிறது. எனினும் ஆசிரியரின் ஆங்கிலப் புழக்கம் பற்றிய வினா இம்முறையிலும் நீங்கிவிடவில்லை. முன்கூட்டியே வகுக்கப்படாத உரையாடலை நடத்த ஆசிரியருக்கு மேலும் மிகுந்த மொழியாற்றலே தேவைப்படும்.

முடிவுரை

விதிமுறை, தொடரமைப்பு முறை, செயல்வழி முறை என ஒன்றன்பின் ஒன்றாக வந்த மாற்றங்கள் எவ்வாறு கற்பிப்பது என்னும் வினாவிற்கு விடை கூறின. கற்பிப்பவர் அம்மொழியை எங்கே, எவ்வளவு காலம், யாரோடு பேசிப் பழகுவார் என்னும் வினா அவற்றுள் உரிய இடம் பெறவில்லை. 1959 இயக்கத்தின் அளவும் துணிவும் போற்றத்தக்கவை. நகரங்களோடு நில்லாது சிற்றூர் ஆசிரியரை அது நாடியது. அதன் குறையைச் சிற்றூர் ஆசிரியரின் குறையாகவோ, முதல் தலைமுறையாகப் பள்ளி வந்த மாணவரின் குறையாகவோ எழுதிவைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

இவ்வரலாறு இரு தேவைகளை உணர்த்துகிறது. ஆசிரியர் பயிற்சி உத்திகளோடு நில்லாது, ஆசிரியர் தாமே ஆங்கிலம் கேட்கவும் பேசவும் நீண்டகால வாய்ப்பளித்தல் ஒன்று. தமிழ், ஆங்கில ஒப்பீட்டு இலக்கணத்தைத் தொடக்கநிலை ஆசிரியர் கையாளத்தக்க வடிவில் உருவாக்குதல் மற்றொன்று. பின்னதைச் செய்தற்குரிய அறிவு தமிழ்த்துறைகளிடமே உள்ளது. நன்னூல் பயிற்றும் விரிவுரையாளர் ஆங்கிலப் பாட ஆசிரியரோடு இணைந்து செய்யவேண்டிய பணி இது.