பெயர் எழுதிய சுவர்: பிராக் நகர யூதரும் பேரழிவின் நினைவும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஸி ஜேர்மனி ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதரைக் கொன்றொழித்தமை உலகறிந்த வரலாறு. அவ்வரலாறு பெரும்பாலும் தொகைகளின் வாயிலாகவே பேசப்படுகின்றது. ஆனால் தொகை என்பது வெளியாரின் அளவுகோல். இறந்தோரின் சொந்தச் சமூகத்துக்கு வேண்டியிருந்தது வேறொன்று: இன்னார், இன்ன ஊரார், இன்ன நாளில் மறைந்தார் என்னும் விபரம். யூத மரபிலே பெற்றோர் மறைந்த நாள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படும். அன்று மகன் 'கதீஷ்' என்னும் பிரார்த்தனையைச் சொல்வான். புதைகுழியும் இல்லை, இறந்த நாளும் தெரியாது என்னும் நிலையில் இக்கடனை எங்ஙனம் தீர்ப்பது? இவ்வினாவுக்குப் பிராக் நகர யூத சமூகம் ஒரு சுவரை விடையாகக் கண்டது. அச்சுவர் இருமுறை எழுதப்பட வேண்டியிருந்தது என்பதிலேயே அதன் வரலாற்று முக்கியத்துவம் தங்கியுள்ளது.

அழிவை நினைவில் நிறுத்துவது இச்சமூகத்துக்குப் புதிய அனுபவமன்று. 1389ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் பிராக் யூதர் குடியிருப்பு தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர். அதனைக் குறித்து அவிக்தோர் காரா என்னும் அறிஞர் எபிரேய மொழியில் இயற்றிய இரங்கற்பா, அந்நகரத் தொழுகைக்கூடத்திலே பாவப்பரிகார நாளில் ஓதப்பட்டு வந்தது. 1439இல் இறந்த காராவின் கல்லறைக் கல்லே பழைய யூத இடுகாட்டில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது. அவ்விடுகாட்டை ஒட்டி, 1535ஆம் ஆண்டளவில் ஹொரோவிற்ஸ் குடும்பத்தினர் எழுப்பிய பிங்காஸ் தொழுகைக்கூடம் நிற்கின்றது. இடைக்கால அழிவுக்கு ஒரு பாடல் போதுமானதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் அழிவுக்குப் பாடல் போதவில்லை.

1939 மார்ச்சில் பொஹீமியா, மொறாவியா பிரதேசங்கள் ஜேர்மனியின் ஆதிக்கத்தின் கீழ் வந்தன. இனச்சட்டங்களின்படி யூதராகக் கணிக்கப்பட்டோர் அங்கு ஏறத்தாழ 118,000 பேர். 1941 ஒக்டோபரில் பிராக்கிலிருந்து லோட்ஸ் நகருக்கு முதல் நாடுகடத்தல் வண்டிகள் புறப்பட்டன. நவம்பரிலிருந்து தெரெசின் கோட்டை நகரம் இடைத்தங்கல் முகாமாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டது. பெயர், பிறந்த திகதி, வசித்த ஊர், வண்டி புறப்பட்ட நாள் யாவும் பட்டியலிடப்பட்டன. இப்பட்டியல் வேலையின் பெரும்பகுதியை யூத சமூக அலுவலகமே எஸ்.எஸ். அதிகாரிகளின் கட்டளைப்படி செய்ய நேர்ந்தது. தம் மக்களை அனுப்புதற்கு எழுதிய தாள்களே பின்னர் அம்மக்களை நினைப்பதற்கு எஞ்சிய ஆவணங்களாயின.

இதே முரண்பாட்டை யூத நூதனசாலையின் வரலாற்றிலும் காணலாம். 1906இல் தோன்றிய இச்சிறு நிறுவனம் 1942இல் மத்திய யூத நூதனசாலையாக விரிவாக்கப்பட்டு, மக்கள் அகற்றப்பட்ட 153 சமூகங்களின் தொழுகைப் பொருட்கள் அங்கு குவிக்கப்பட்டன. 'அழிந்துபோன ஓர் இனத்தின் நூதனசாலை'யை அமைக்க நாஸிகள் திட்டமிட்டனர் என்று பலரும் எழுதியுள்ளனர். இக்கூற்றுக்கு உறுதியான ஆவணச் சான்று இல்லை. பொருட்களையேனும் காப்பாற்றலாம் என்னும் நோக்குடன் யூத சமூகத்தினரே யோசனையை முன்வைத்தனர் என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்களுக்கு அட்டவணை எழுதிய ஊழியருட் பெரும்பாலோர் பின்னர் தாமும் நாடுகடத்தப்பட்டனர். நிபுணர் குழுவில் உயிர் தப்பியவர் கலை வரலாற்றாசிரியை ஹனா வொலாவ்கோவா ஒருவரே. போருக்குப் பின் நூதனசாலையின் பொறுப்பு அவரிடம் வந்தது.

நினைவுச் சுவர் அவருடைய பொறுப்புக் காலத்திலேயே உருவாயிற்று. வாக்லாவ் பொஷ்டிக், யிர்ஜி ஜோன் என்னும் இரு ஓவியர் 1954 முதல் 1959 வரை பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் உட்சுவர்களிலே பெயர்களைக் கையால் எழுதினர். 77,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சிலையில்லை, சித்திரமில்லை, எழுத்து மட்டுமே. இறந்தோர் கடைசியாக வாழ்ந்த ஊர்வாரியாகவும், ஊருக்குள் குடும்பப்பெயரின் அகரவரிசையிலும் அவை அமைந்தன. இதனால் ஒரு குடும்பத்தார் சுவரிலும் அருகருகே நிற்கின்றனர். முகாம் வாயிலிற் பிரிக்கப்பட்டவர்கள் இங்கே மீண்டும் கூடியுள்ளனர் எனலாம். தோராச் சுருள்கள் வைக்கப்படும் பேழையின் இரு மருங்கிலும் முகாம்களினதும் கொலைக்களங்களினதும் பெயர்கள் உள்ளன.

ஒவ்வொரு பெயரோடும் இரு திகதிகள் உண்டு. முதலாவது பிறந்த நாள். இரண்டாவது, பார்ப்போர் பலர் கருதுவதுபோல், இறந்த நாளன்று. அவர் உயிருடனிருந்தார் என்று கடைசியாக அறியப்பட்ட நாள், பெரும்பாலும் வண்டி கிழக்கு நோக்கிப் புறப்பட்ட நாள். அதற்கப்பால் என்ன நடந்தது என்பதை எழுத அமைத்தோர் துணியவில்லை. வரலாற்று மாணவருக்கு இந்நேர்மை மனங்கொள்ளத்தக்கது: ஆவணம் நின்ற இடத்தில் எழுத்தும் நின்றது. எனினும், இறந்த நாள் அறியாத மகனுக்கு அத்திகதியேனும் கிடைத்தது.

இச்சுவர் எழுந்த அரசியற் சூழல் அதற்குச் சாதகமானதன்று. 1950இல் நூதனசாலை அரசுடைமையாயிற்று. சமூகத்தின் 'அன்பளிப்பு' என அது கூறப்பட்டபோதும், அவ்வன்பளிப்பை மறுக்கும் நிலையில் சமூகம் இருக்கவில்லை. 1952இல் நடைபெற்ற ஸ்லான்ஸ்கி வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 14 பேரில் 11 பேர் யூத வமிசத்தினர். அவ்வமிசம் குற்றப்பத்திரத்திலேயே குறிக்கப்பட்டது. கொல்லப்பட்டோரைப் 'பாசிசத்துக்குப் பலியானோர்' என்னும் பொதுப்பெயரில் அடக்குவதே அரசின் வழக்கம். அவர்கள் யூதர் என்பதற்காகக் கொல்லப்பட்டனர் என்பது அப்பொதுமையில் மறைந்தது. 1964இல், ஈரமான தொழுகைக்கூடமொன்றில் அடுக்கப்பட்டிருந்த 1,564 தோராச் சுருள்களை அரசு இலண்டனுக்கு விற்றது. அவை அங்கு செப்பனிடப்பட்டு, உலகின் பல பாகங்களிலுள்ள யூத சமூகங்களுக்கு இரவலாக வழங்கப்பட்டன.

1968இல் பிங்காஸ் தொழுகைக்கூடம் மூடப்பட்டது. நிலத்தடி நீர் சுவரில் ஏறியமை காரணமாகக் கூறப்பட்டது. நீர் பொய்யன்று, திருத்த வேலையின்போது தரையின் கீழே பழைய கிணறுகளும் சடங்கு நீராட்டுக் குளமும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கதவு திறக்கப்படாமைக்கு நீர்மீது மட்டும் பழி சுமத்துதல் பொருந்தாது. முந்திய ஆண்டில் இஸ்ரேலுடன் இராசதந்திர உறவு முறிக்கப்பட்டிருந்தது. 1968 ஓகஸ்ட்டில் சோவியத் படைகள் நாட்டினுள் நுழைந்தன. பின்வந்த ஆட்சியாளருக்கு அச்சுவரைத் திறப்பதில் எவ்வித அவசரமும் இருக்கவில்லை. இதற்கிடையிற் சுவரிலிருந்த எழுத்துக்களும் அழிந்தன. ஒரு தலைமுறை அவற்றைக் காணாமலே வளர்ந்தது.

1989 நவம்பரில் ஆட்சி மாறியபோது பிராக் யூத சமூகத்திற் பதிவு பெற்றிருந்தோர் மிகச் சிலர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். அச்சிறு சமூகத்தின் கண்முன்னே 1992 முதல் 1996 வரை பெயர்கள் யாவும் முதலிலிருந்து மீண்டும் எழுதப்பட்டன. இதற்கிடையே 1994 ஒக்டோபரில் நூதனசாலையும் அரசின் கையிலிருந்து யூத சமூகத்தின் பொறுப்புக்குத் திரும்பியது. சுவர் அழிந்தபோதும் அட்டைகள் அழியாதிருந்தமையே மறு எழுத்தைச் சாத்தியமாக்கிற்று.

2002 ஓகஸ்ட்டில் வில்றாவா ஆறு பெருக்கெடுத்து வெள்ளம் தொழுகைக்கூடத்தினுள் புகுந்தது. சுவரின் கீழ்ப்பகுதியிலிருந்த பெயர்கள் ஈரத்தாற் சிதைந்தன. சுவர் காயும்வரை காத்திருந்து, ஓவியர் மீண்டும் தூரிகையெடுத்தனர். அடுத்த ஆண்டிலே கதவு திறக்கப்பட்டது.